பிடித்த மீனை நீரில் விடுவது: காவிரி எல்லையின் மாசீரும் விராலும்

கேள்வியும் களமும்

தூண்டிலில் சிக்கிய பெரிய மீனைக் கொல்லாமல் மீண்டும் நீரில் விடுவது பொறுப்பான செயலா? வேட்டைக்காரர்கள், மீன்வள அலுவலர்கள், சட்டம் இயற்றுவோர், உடலியங்கியல் அறிஞர்கள் எனப் பல தரப்பினரும் நூறாண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இந்த வாதத்தின் நடுவில் நிற்கும் மீன்களில் முக்கியமானது பைக். நீர்ச்செடிகளுக்கு இடையே அசையாமல் நின்று, இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும் குளிர்நாட்டு நன்னீர் மீன் அது. ஒரே பைக்கை பிரிட்டனின் தூண்டில்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மனியிலோ உண்ணத் தகுந்த அளவுள்ள பைக்கைக் காரணமின்றி விடுவது வழக்குக்கே இட்டுச் செல்லக்கூடும்.

இந்திய ஆறுகளில் பைக் கிடையாது. ஆனால் அது எழுப்பும் கேள்வி ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இரண்டு மீன்களின் வழியே எழுகிறது. முதலாவது, காவிரியின் பாறை மடுக்களில் வாழும் மாசீர். இரண்டாவது, ஏரிகளிலும் அணைகளிலும் பைக்கைப் போலவே பதுங்கி நின்று தாக்கும் விரால். இந்த வட்டாரத்துக்கு இரண்டு நீர்முகங்கள் உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரை ஒட்டிய நகர்ப்புறங்களின் கழிவை வாங்கிக்கொண்டு ஓசூர் அருகே தமிழகத்துக்குள் வந்து, கெலவரப்பள்ளி அணையிலும் பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தேங்குகிறது. தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகளுக்கு அப்பால் காவிரி இரு மாநிலங்களின் எல்லையாக ஓடி, பிலிகுண்டுலுவைக் கடந்து ஒகேனக்கல் செல்கிறது. ஒன்று ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் நடுவே தேங்கும் நீர். மற்றது யானைக் காட்டுக்குள் ஓடும் நீர். ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றதற்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதை இந்த வட்டாரம் தெளிவாகவே காட்டுகிறது.

உண்பதற்கு மட்டும் பிடிப்பது

எல்லாவற்றிலும் பழைய விடை எளிமையானது: மீனைப் பிடிப்பது சாப்பிடுவதற்கு, அல்லது விற்பதற்கு. கிருஷ்ணகிரி அணையிலும் பாரூர் ஏரியிலும் வலை போடுபவருக்குக் கட்லா, ரோகு, மிர்கால் போன்ற வளர்ப்புக் கெண்டைகள் அன்றாட வருமானம். உயிரோடு விற்கும் விரால் அதைவிடக் கூடுதல் விலை தரும். கைக்கு வந்த விராலை ஏரியிலேயே விடச் சொன்னால் அதில் அவருக்கு எந்தப் பொருளும் இருக்காது.

இந்த நிலைப்பாட்டுக்குச் சட்டத்திலும் துணை உண்டு. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் தவிர்த்த எல்லா உயிரையும் பிராணி என்றே கொள்கிறது. உணவுக்காகக் கொல்வதற்கு, தேவையற்ற துன்பம் தராத வரையில், விலக்கு அளிக்கிறது. விளையாட்டுக்காகத் துன்புறுத்துவதற்கு அப்படியொரு தனி விலக்கு அதில் இல்லை. ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதே தர்க்கத்தில் நிற்கிறது. முதுகெலும்புள்ள உயிருக்குத் துன்பம் தர நியாயமான காரணம் வேண்டும். உணவு அத்தகைய காரணம், பொழுதுபோக்கு அப்படியல்ல. சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே 2009 முதல் தடை செய்தது.

நேர்மையான நிலைப்பாடுதான் இது. ஆனால் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. பெரிய பெண் மீன் சிறியதைவிடப் பன்மடங்கு முட்டையிடும். சிக்கியதையெல்லாம் கொல்ல வேண்டுமென்றால் முதலில் குறைவது இந்தத் தாய் மீன்களே. அழிவின் விளிம்பில் உள்ள இனத்தில் ஒரு தாய் மீன் போவதும் பெரிய இழப்பு. மேலும், குறைந்தபட்ச அளவு வைத்திருக்கும் எந்த மீன்பிடி ஒழுங்கிலும் அளவுக்குக் குறைந்த மீனை விட்டாக வேண்டும். ஆகவே உண்பதற்கே பிடிப்பவருக்கும் மீனைக் காயமின்றி விடத் தெரிந்திருக்க வேண்டும்.

பிடிக்கவே கூடாது என்பது இதைவிடப் பழைய, இதைவிடக் கடுமையான விடை. திருக்குறள் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை விழுங்கும் மீனோடு ஒப்பிடவும் செய்கிறது. இந்த அறம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள ராமநாதபுரத்திலும், துங்கை நதிக்கரையில் சிருங்கேரியிலும் கோயில் துறைகளில் மீன் பிடிப்பதில்லை. பக்தர்கள் பொரி போட, பெரிய மாசீர்கள் படியோரம் திரளும். இந்தத் துறைகள் மீன்களுக்கு அடைக்கலமாக இருப்பதில் ஐயமில்லை. ஆனால் மாசீர் வலசை போகும் மீன். மழைக்காலத்தில் முட்டையிட மேல்நோக்கிச் செல்லும்போது துறையின் காவல் அதோடு செல்வதில்லை.

விளையாட்டே காவலாக மாறியது

ஆங்கிலேயர் காலத்தில் தூண்டில் மீன்பிடிப்பு ஒரு விளையாட்டாக வேரூன்றியது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், மாசீர் பிடிப்பது பற்றிய முதன்மையான கையேட்டை 1873இல் வெளியிட்டார்; ஏரித் தூண்டில் பற்றித் தனி நூலொன்றை 1887இல் எழுதினார். அதே 1873இல் பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் குறித்த அறிக்கையை அளித்தார். நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. ஆனால் அக்காலத் தூண்டில்காரர் பிடித்ததை விட்டவர் அல்லர். 1946இல் கபினி ஆற்றில் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மாசீர், இன்றும் சாதனையாகவே சொல்லப்படுகிறது. மீனின் எடையே அக்காலத்தின் பெருமை.

விடும் வழக்கம் வலுப்பெற்றது 1970களில். பெங்களூரில் 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவலர் அமர்த்தி, பிடித்த மாசீரை விட வேண்டும் என்ற விதியை நிலைநிறுத்தியது. 1970களின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு சிறு குழுவின் அனுபவங்கள் காவிரி மாசீரை உலகத் தூண்டில்காரர்களுக்கு அறிமுகப்படுத்தின. கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது. முன்பு வெடி வைத்தும் வலை போட்டும் மீன் பிடித்தவர்கள் சிலர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். ஆற்றை நன்கு அறிந்தவர்கள் அதன் காவலுக்கு வந்ததே இந்த ஏற்பாட்டின் உண்மையான வலிமை.

ஆய்வாளர்கள் ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் 2013இல் இந்த அனுபவத்தை முன்வைத்து, பிடித்து விடும் மீன்பிடிப்பு மாசீர் பாதுகாப்புக்கு உதவும் என்று வாதிட்டனர். கட்டணம் காவலுக்கு ஊதியமாகிறது. ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் இருந்தால் வெடி வைப்பவன் தயங்குகிறான். ஒவ்வொரு மீனும் பதிவேட்டில் ஏறுகிறது.

அந்தப் பதிவேடே பின்னர் இந்த நிலைப்பாட்டின் மிகப் பெரிய குறையைக் காட்டியது. காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் உழைப்பில் பிடிபட்ட 6,000க்கும் மேற்பட்ட மாசீர்களின் விவரங்களை பிண்டரும் சக ஆய்வாளர்களும் 2015இல் பகுத்துப் பார்த்தனர். பிடிபடும் எண்ணிக்கை காலப்போக்கில் உயர்ந்திருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பாதுகாப்பு வெற்றி பெற்றதாகவே தோன்றும். ஆனால் உயர்ந்தது நீலத்துடுப்பு மாசீர். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் செயற்கை முறையில் பெருக்கப்பட்டு, நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்ட இனம் அது. காவிரிக்கே உரிய, 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடிய கூன்முதுகு மாசீர் அதே ஆண்டுகளில் பதிவேட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயிருந்தது. அதற்கு முறையான அறிவியல் பெயர்கூட அப்போது உறுதியாகவில்லை. மோயாறு மீன்களின் உதவியோடு 2018இல்தான் அது டோர் ரெமாதேவியே என்று அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிகக் கடுமையான அழிவு நிலையில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. நீலத்துடுப்பு மாசீரோ அழிவு அச்சம் குறைந்த இனமாக மாற்றப்பட்டது.

இதற்கு விட்டவர்களின் கைகளைக் குறை சொல்ல முடியாது. மீனைக் காயமின்றி விடுவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். ஆனால் எந்த மீனை விடுகிறோம் என்ற கேள்வியை அவர்கள் மட்டுமல்ல, மீன்வளத் துறைகளும் அறிவியலும் மிகத் தாமதமாகவே கேட்டன.

தடை என்னும் விடை

கர்நாடகப் பகுதியில் காவிரி வனவிலங்கு சரணாலயம் 1987இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் மீனைப் பிடிப்பதும், பிறகு விட்டாலும், ஏற்கத்தக்கதல்ல என்ற விளக்கம் வலுப்பெற்று, 2012 வாக்கில் அங்கே தூண்டில் மீன்பிடிப்பு நின்றது. தமிழகப் பகுதியில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் 504 சதுர கிலோமீட்டரிலும், காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இல் 686 சதுர கிலோமீட்டரிலும் அமைந்தன. எல்லையின் இரு கரையிலும் காடு இன்று சட்டக் காவலில் இருக்கிறது.

தடையை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. பணம் கட்டும் விருந்தினர் தூண்டில் போடலாம், ஆற்றங்கரைக் கிராமத்துப் பரிசல்காரர் வலை போடக்கூடாது என்பது எந்தக் கிராமத்திலும் ஏற்கப்படாது. அனுமதி என்று ஒன்று இருந்தால் அதன் மறைவில் நடப்பதைக் கண்காணிப்பது கடினம். யானை நீர் அருந்த இறங்கும் கரையில் கூடாரங்கள் இல்லாதிருப்பதும் நன்மையே. எதிர்த் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல: முகாம்கள் மூடப்பட்டதும் வழிகாட்டிகளின் வருமானம் போயிற்று, ஆற்றின் மேல் இருந்த கண்களும் போயின, பதினைந்து ஆண்டுப் பதிவேடும் அத்தோடு முடிந்தது. தடைக்குப் பிறகு மாசீர் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட அதே அளவிலான தொடர்ச்சியான கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எடுக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பதைத் தடை ஆணை சொல்வதில்லை.

மீனுக்கு வலிக்குமா

மீனின் உடலுக்குள்ளேயே விடை தேடுவது வேறொரு தரப்பு. பிரிட்டனில் 1980இல் வெளியான மெட்வே அறிக்கை, முதுகெலும்புள்ள மற்ற உயிர்களைப் போல மீனும் வலி உணர்வதாகக் கொள்வதே பொருத்தம் என்றது. லின் ஸ்னெடன், விக்டோரியா பிரைத்வெயிட், மைக்கேல் ஜென்டில் மூவரும் 2003இல் டிரவுட் மீனின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தனர். மீன்கள் நெடுநேரம் இரை எடுக்கவில்லை, உடலை ஆட்டின, சில உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்தன. தலையில் வலியைப் பதிவு செய்யும் நரம்பு முனைகள் இருப்பதும் தெரிந்தது.

ஜேம்ஸ் ரோஸ் இதை ஏற்கவில்லை. வலியை உணர்வாக அனுபவிக்கப் பெருமூளைப் புறணி தேவை, மீனுக்கு அது இல்லை, அது காட்டுவது அனிச்சையான எதிர்வினையே என்று 2002இல் எழுதினார்; 2014இல் மேலும் பலரோடு சேர்ந்து அதே வாதத்தை விரித்தார். பிரையன் கீ 2016இல் இதே பக்கம் நின்றார். மறுதரப்பின் பதிலும் வலுவானது: பறவைக்கும் மனிதரைப் போன்ற புறணி இல்லை, ஆயினும் அதற்கு வலி இல்லை என்று யாரும் வாதிடுவதில்லை.

ஜெர்மனியில் பைக் மீன்களை ஆராய்ந்த ராபர்ட் ஆர்லிங்ஹவுஸ் முதலியோர் இந்தச் சண்டையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு வழியைக் காட்டினர். உணர்வை அளக்க முடியாது. ஆனால் காயம், அயர்ச்சியால் இரத்தத்தில் ஏறும் லாக்டேட், விட்டபின் நீந்தும் விதம், அடுத்த இரை எடுக்கும் நேரம், இறப்பு ஆகியவற்றை அளக்கலாம். அவற்றைக் குறைப்பதே நலம் என்றனர். காவிரியில் ஷானன் போவரும் குழுவினரும் நீலத்துடுப்பு மாசீர் பற்றி 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் வந்தது. மாசீர் பொதுவாக உறுதியாக மீண்டெழுகிறது, இறப்பு குறைவு, பெரிய மீன்களுக்கு அயர்ச்சி கூடுதல் என்று அது காட்டியது. இந்த அளவைவழிப் பார்வை வலிப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் ஆற்றங்கரையில் செய்ய வேண்டியது என்ன என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. இப்போதைக்கு மிகப் பயனுள்ள பகுதி இதுவே எனக் கொள்ளலாம்.

முள்ளிலிருந்து நீர் வரை

பைக் பிடிப்பவர்கள் நெடுங்காலம் செய்த தவறு, இரையை மீன் நன்றாக விழுங்கட்டும் என்று காத்திருந்தது. இறந்த சிறு மீனை இரையாகக் கோத்துப் போட்டு, தக்கை ஆழ்ந்த பின்னும் பொறுத்திருப்பார்கள். முள் தொண்டையைத் தாண்டி இரைப்பைக்குள் போய்விடும். பிரிட்டனில் 1977இல் உருவான பைக் தூண்டில்காரர் சங்கம் போன்றவை இந்தப் பழக்கத்தை மாற்றப் பாடுபட்டன. தக்கை அசைந்ததும் இழுப்பது, பல்லில் அறாத கம்பித் துண்டை முள்ளுக்கு மேலே கட்டுவது, நீண்ட மூக்குக் கொறடு கையில் இல்லாமல் தூண்டிலே போடாதிருப்பது, தரையில் ஈரமான மெத்தை விரிப்பது, செவுள் மூடியின் விளிம்பில் விரலை நுழைத்து, உள்ளே செந்நிறச் செவுளைத் தொடாமல் தாடையைத் திறப்பது ஆகியவை இன்று அங்கே அடிப்படைப் பாடங்கள்.

மாசீருக்கு இவற்றில் பாதிதான் பொருந்தும். மாசீரின் தாடையில் பல் கிடையாது; தொண்டைக்குள்தான் நண்டு, சிப்பி நொறுக்கும் பல் வரிசை. தடித்த உதட்டில் முள் பிடித்தால் சேதம் மிகக் குறைவு. காவிரியில் வழக்கமான இரை கேழ்வரகு மாவு உருண்டை. இந்த வட்டாரத்தின் சொந்தத் தானியத்தைக் களி போலக் கெட்டியாக வேகவைத்து, பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி முள்ளை மூடுவார்கள். பாறைகளுக்கிடையே மீன் இறங்கி ஓடும்போது நரம்பு பாறை விளிம்பில் தேயும். பரிசலில் பின்தொடர்ந்து விடுவிக்க வேண்டும். பெரிய மீனோடு போராட்டம் நீள நீள அதன் தசைகளில் லாக்டேட் ஏறும். மெல்லிய நரம்பில் வெகுநேரம் விளையாட்டுக் காட்டுவதைத் திறமையாகக் கருதிய பழைய மதிப்பீடு இந்த இடத்தில் மீனுக்கு எதிரானது. கனமான நரம்பு, வலுவான கோல், கூடிய விரைவில் கரை என்பதே மீனுக்கு நல்லது.

அதன் பிறகு வரும் ஒரு நிமிடம்தான் தீர்மானிக்கிறது. கனடாவில் பெர்குசனும் டப்ட்ஸும் 1992இல் சோர்ந்த டிரவுட்டுகளைக் காற்றில் பிடித்துப் பார்த்தனர். காற்றில் எடுக்காதவற்றில் 12 சதவீதம் இறந்தன. 30 வினாடி காற்றில் இருந்தவற்றில் 38 சதவீதம், 60 வினாடி இருந்தவற்றில் 72 சதவீதம் இறந்தன. எல்லா இனத்துக்கும் இதே எண்கள் பொருந்தா. மாசீர் டிரவுட்டைவிட உறுதியானது. ஆயினும் போக்கு தெளிவு. முழங்கால் அளவு நீரில் நின்று, கைகளை நனைத்துக்கொண்டு, ஒரு கையை வாலின் அடியிலும் மறு கையை நெஞ்சுத் துடுப்புகளுக்குக் கீழும் கொடுத்து, முள்ளை நீருக்குள்ளேயே கழற்றினால் படம் எடுக்க ஓரிரு நொடி தூக்குவதால் பெரிய கேடில்லை. மீனைத் தாடையில் தொங்கவிட்டு நிமிர்த்திக் காட்டும்போது, உடல் எடை முழுவதும் அந்தச் சிறு மூட்டில் இறங்குகிறது. சூடான பாறையில் கிடத்தினால் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்துபோகும். படத்துக்காகவும் எடைக்காகவும் வாயில் கயிறு கோத்து ஓரத்து நீரில் கட்டி வைக்கும் பழக்கம் காவிரியிலும் இருந்தது. விடுவதன் பயனை அது பெருமளவு குலைத்திருக்கும். விடும்போது மீனின் தலை நீரோட்டத்தை எதிர்கொள்ள வேண்டும். கையிலிருந்து தானாக வாலை உதறிக்கொண்டு போகும் வரை பிடித்திருப்பது நல்லது; முன்னும் பின்னுமாக ஆட்டுவதால் பயனில்லை.

விரால் இந்த விதிகளைத் தலைகீழாக்குகிறது. தலைக்குள் செவுளுக்கு மேல் இருக்கும் துணைச் சுவாச அறையால் அது காற்றையே சுவாசிக்கும். ஈரம் இருந்தால் பல மணி நேரம் நீருக்கு வெளியே உயிர் வாழும். சந்தையில் விரால் உயிரோடு விற்பதும் இதனால்தான். ஆகவே காற்றில் பிடித்திருக்கும் நேரம் விராலுக்கு முதன்மையான ஆபத்தல்ல. முள்ளின் இடமும் பருவமுமே ஆபத்து. ஏரிப் பாசிக்கு மேலே ரப்பர் தவளையைத் தத்தவிட்டு இழுப்பது இன்றைய நகர இளைஞரின் முறை. உயிர்த் தவளையைக் கோத்து மூங்கில் கோலால் நீரில் தட்டுவது பழைய முறை. விரால் இரையை அடித்த கணம் இழுத்தால் பெரும்பாலும் நழுவும். சற்றுப் பொறுத்து இழுக்க வேண்டும். அந்தப் பொறுமை நீண்டால் முள் தொண்டைக்குள் போகும். வளைந்த நுனியுள்ள வட்ட முள் வாயின் ஓரத்திலேயே பிடிப்பதால் உயிர் இரைக்கு அது உகந்தது. ஆழமாகப் போய்விட்ட முள்ளை நோண்டி எடுப்பதைவிட நரம்பை அறுத்துவிடுவது பல இனங்களில் நடந்த ஆய்வுகளில் மேலானதாகத் தெரிகிறது. கொண்டை இல்லாத முள்ளானால் இந்தச் சங்கடங்களில் பாதி வராது. உயிர்த் தவளையைப் பொறுத்தவரை, மீனுக்குத் துன்பம் வேண்டாம் என்று வாதிடுபவர் தவளையை மறந்துவிட முடியாது.

விராலின் தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காப்பவை. ஆழமற்ற நீரில் செடிகளை விலக்கிக் கூடு அமைத்து, சிவந்த நிறக் குஞ்சுக் கூட்டம் மேலெழுந்து காற்று குடிக்கும்போது அடியில் காவல் நிற்கும். நீர்ப்பரப்பில் கொதிப்பது போலத் தெரியும் அந்தக் கூட்டத்தின் அருகே எது விழுந்தாலும் பெற்றோர் பாய்ந்து அடிக்கும். தேர்ந்த தூண்டில்காரர்கள் தேடிப் போவதும் இந்தக் கூட்டத்தையே. கூடு காக்கும் பாஸ் மீனைத் தூண்டிலில் எடுத்த சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடுவதை வட அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. விராலிலும் அதுவே நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். பெற்றோரை உயிரோடு விட்டாலும் அதற்குள் குஞ்சுகள் போயிருக்கலாம். குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடாதிருப்பது, எந்தக் கொறடும் மெத்தையும் தர முடியாத பாதுகாப்பு.

எந்த நீரில், எந்த மீனை

தென்பெண்ணைப் பக்கம் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கும் நீரில் நுரை மலைபோல் பொங்குவதைச் செய்தித்தாள்கள் பலமுறை படத்தோடு வெளியிட்டிருக்கின்றன. மேல்கரையின் கழிவு நீரும் ஆலைக் கழிவும் அதன் காரணம் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் கரையும் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு: 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 அளவே. கழிவு அதையும் தின்றுவிடும். கோடை நண்பகலில் இத்தகைய நீரில் பிடித்து விடப்படும் கெண்டை, நீந்திச் சென்றாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. காற்று குடிக்கும் விரால் பிழைக்கும். இங்கே சாப்பிடுவதற்கென்று பிடிப்பவருக்கும் வேறொரு தயக்கம் இருக்க வேண்டும்: கழிவு சேரும் நீரில் வளர்ந்த, மற்ற மீன்களைத் தின்று பெருத்த மீன் உண்ண எவ்வளவு தகுதியானது என்பது பரிசோதித்துச் சொல்ல வேண்டிய ஒன்று.

விடுவது எப்போதும் நல்லது என்ற பொதுவிதியும் இங்கே உடைகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை உள்ளது. ஆனாலும் இந்த வட்டாரத்துக் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்க்கப்படுவதும், அதிகாரிகள் அழிப்பதும் தொடர்ந்து செய்தியாகிறது. வெள்ளத்தில் தப்பி ஆற்றில் சேர்ந்துவிட்ட அத்தகைய மீன் தூண்டிலில் வந்தால் அதைத் திரும்ப விடுவது உள்ளூர் மீன்களுக்கு இழைக்கும் தீங்கு. ஜிலேபி கெண்டையின் கதை அவ்வளவு எளிதல்ல: அயல் மீன்தான், ஆனால் ஏழைகளின் அன்றாட மீனும் அதுவே. மாசீருக்கு உருவான ஒழுக்கத்தை ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் நீட்டினால் ஒழுக்கம் தன் காரணத்தை இழக்கும். விடுவதா, வீட்டுக்கு எடுத்துச் செல்வதா என்பதைத் தூண்டில்காரர் மீன் இனத்தை அறிந்தே முடிவு செய்ய வேண்டும். கூன்முதுகு மாசீரையும் நீலத்துடுப்பு மாசீரையும் பிரித்தறியத் தெரியாமல் கழிந்த ஆண்டுகள் இதற்குப் போதிய சான்று.

திறந்திருப்பவை

மேலே கண்ட விடைகளுள் எதுவும் தனித்து நிற்கவில்லை. உண்பதற்கே பிடிப்பது என்பது ஏரி விராலுக்கும் வளர்ப்புக் கெண்டைக்கும் பொருந்தும், கூன்முதுகு மாசீருக்குப் பொருந்தாது. பிடித்து விடுவது, நல்ல கையில், குளிர்ந்த ஓடும் நீரில், பெரும்பாலான மீன்களை உயிரோடு காக்கும் என்பதற்குச் சான்று போதுமான அளவு உண்டு. அது ஓர் இனத்தையே காக்கும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. தடை காட்டைக் காக்கும், ஆனால் ஆற்றுக்குள் நடப்பதை எண்ணுவதில்லை.

முடிவாகாத கேள்விகளில் முதன்மையானது, சரணாலயத்துக்குள் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்பது. மீன்வளத் துறை, வனத்துறை, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம், எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அதே துறைகள் எனப் பல கரங்கள் சேர வேண்டிய வேலை அது. ஆய்வுக்காக மட்டும், கட்டுப்பாட்டோடு தூண்டில் போட அனுமதிக்கலாமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அனுமதித்தால் பரிசல்காரர்களும் ஊதியத்தோடு அதில் இடம்பெற வேண்டும் என்பதை இருதரப்பும் ஏற்கக்கூடும்.

அடுத்தது, பொரிப்பகத்தில் கூன்முதுகு மாசீரைப் பெருக்கி விடுவதா என்பது. எஞ்சிய சில மீன்களிலிருந்து பெருக்கினால் மரபணு வளம் சுருங்கும்; பெருக்காவிட்டால் இனமே போகலாம். நீலத்துடுப்பு மாசீரால் வந்த அனுபவம் இதில் அவசரப்படுவோரைத் தடுக்கிறது. அது எந்த அளவுக்குப் போட்டியாளராக இருந்தது, எந்த அளவுக்கு அணைகளும் மணல் அள்ளலும் வெடியும் காரணம் என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது ஆற்றின் ஓட்டம். 1934இல் எழுந்த மேட்டூர் அணை கீழிருந்து மேலே செல்லும் வழியை ஏற்கெனவே அடைத்துவிட்டது. அர்க்காவதி காவிரியோடு கலக்கும் இடத்துக்கு அருகே கர்நாடகம் கட்ட விரும்பும் மேகேதாட்டு அணை, கர்நாடகக் காவிரி சரணாலயத்தின் ஒரு பகுதியையும் பழைய முகாம்கள் இருந்த ஓட்டப் பகுதியையும் தேங்கிய நீராக்கக்கூடும். அதைப் பற்றிய இரு மாநில வழக்கும் பேச்சும் டி.எம்.சி. கணக்கில்தான் நடக்கின்றன. பாறைகளுக்கிடையே பாயும் நீரில் வாழப் பழகிய ஒரு மீனுக்குப் பிலிகுண்டுலுவில் எவ்வளவு நீர், எந்த மாதத்தில், எந்த வேகத்தில் வர வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டிய எண்தான்.